எல்.கே.ஜி. விண்ணப்பத்தில் ஒரு கட்டம்

நம் ஊர்களில் மழலையர் பள்ளிச் சேர்க்கைக்கு இரண்டு பருவங்கள் உண்டு. தனியார் பள்ளிகள் பலவற்றில் பொங்கல் முடிந்த கையோடு விண்ணப்பம் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வேறு பல குடும்பங்கள் விஜயதசமிக்காகக் காத்திருக்கின்றன. அன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்தை எழுத வைத்து, அப்படியே பள்ளியில் சேர்ப்பது நம் மண்ணின் வழக்கம்.

எந்தப் பருவமானாலும் விண்ணப்பப் படிவம் ஏறக்குறைய ஒன்றுதான். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தாய்மொழி என்று தடையின்றி எழுதிக்கொண்டே வரும் பேனா, சில வீடுகளில் ஒரு கட்டத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. ‘சமயம்’ என்று அச்சிட்ட கட்டம் அது. தாய் கத்தோலிக்கர், தந்தை இந்து. அல்லது தந்தை கத்தோலிக்கர், தாய் இஸ்லாமியர். பிள்ளை யார்?

சமயம் கடந்த திருமணங்கள் இன்று நம் பங்குகளில் புதுமையல்ல. ஒரே அன்பியத்தில் இப்படி இரண்டு மூன்று குடும்பங்களைக் காண்கிறோம். அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வயதை எட்டும்போது எழும் கேள்வியைப் பற்றி நாம் பொதுவாகப் பேசுவதில்லை. ‘அது அவர்கள் வீட்டுப் பிரச்சனை’ என்று விட்டுவிடுகிறோம். அது நம்முடைய பிரச்சனையும்தான் என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

தள்ளிவைத்த கேள்வி

இத்தகைய தம்பதியரில் சிலர் ஆயரின் தனி அனுமதி பெற்று ஆலயத்தில் திருமணம் செய்தவர்கள். சிலர் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்திட்டவர்கள். எப்படி மணந்திருந்தாலும், பிள்ளைகளின் சமயம் பற்றிய கேள்வி வந்தபோது பலரும் ‘குழந்தை பிறக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லிக்கொண்டவர்கள். காதல் காலத்தில் அது பெருந்தன்மையாகத் தெரிந்தது.

குழந்தை பிறந்தது. அப்பா வீட்டார் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். அம்மா வீட்டார் ஆலயத்தில் திருமுழுக்குக்கு ஏற்பாடு செய்தார்கள். இரண்டு பாட்டிகளுக்கும் மனநிறைவு. இரு பக்கமும் சமாளிக்க முடிந்ததால் கேள்வி இன்னும் சில ஆண்டுகள் தள்ளிப்போனது.

பள்ளியில் அப்படிச் சமாளிக்க முடியாது. பிள்ளை ஒரு நேரத்தில் ஒரு பள்ளியில்தான் இருக்க முடியும். அருட்சகோதரிகள் நடத்தும் கான்வென்ட்டா, இந்து அறக்கட்டளை நடத்தும் பள்ளியா, சமயச் சார்பு எதுவுமில்லாத தனியார் பள்ளியா, தெருமுனையில் உள்ள அங்கன்வாடியா? ஏதாவது ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டும்.

இங்கே நுட்பமான ஆபத்து ஒன்று இருக்கிறது. இருவரும் ஒரே பள்ளிக்குச் சம்மதிப்பார்கள். ஆனால் அவரவர் மனத்தில் காரணம் வேறாக இருக்கும். ‘கான்வென்ட்டில் ஆங்கிலம் நன்றாக வரும், ஒழுக்கம் இருக்கும், வீட்டிலிருந்து பக்கம்’ என்று தந்தை நினைக்கிறார். ‘நான் வீட்டில் செய்ய முடியாததைச் சிஸ்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று தாய் நினைக்கிறார். இருவரும் வாய்திறந்து பேசவில்லை. மூன்று மாதம் கழித்து, சோற்றுத் தட்டின் முன் பிள்ளை சிலுவை அடையாளம் வரைகிறது. தந்தை நிமிர்ந்து மனைவியைப் பார்க்கிறார். அந்தப் பார்வையில் இருப்பது சமய வெறுப்பு அல்ல, ‘என்னிடம் சொல்லாமல் இது நடந்துவிட்டதே’ என்ற வருத்தம்.

இதன் மறுபக்கமும் நடக்கிறது. பிள்ளை தினமும் சுலோகம் சொல்லித் தரும் பள்ளியில் சேர்கிறது. தாய் எதிர்க்கவில்லை. ஆனால் இரவில் பிள்ளையைத் தூங்க வைக்கும்போது மெல்லிய குரலில் ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ சொல்லிக் கொடுத்துவிட்டு, ‘அப்பாகிட்ட சொல்லாதே’ என்கிறார். இந்தத் தாயின் ஏக்கத்தை நாம் புரிந்துகொள்கிறோம். ஆனாலும் பிள்ளை அன்றிரவு கற்றது என்ன? கடவுளிடம் பேசுவது என்பது அப்பாவுக்குத் தெரியாமல் செய்ய வேண்டிய காரியம் என்பதையே அது முதலில் கற்றது.

வாக்குறுதி யாருடையது?

இந்த இடத்தில் திருச்சபை என்ன கேட்கிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது. பலர் இதைத் தவறாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள்.

1917ஆம் ஆண்டின் பழைய திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பிள்ளைகள் அனைவரையும் கத்தோலிக்கராகவே வளர்ப்போம் என்ற உறுதியை மணமக்கள் இருவரிடமும் கேட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் இது மாறியது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1970 மார்ச் 31 அன்று வெளியிட்ட ‘மத்ரிமோனியா மிக்ஸ்தா’ என்னும் மடல், வாக்குறுதியைக் கத்தோலிக்கத் தரப்பிடம் மட்டுமே கேட்டது. 1983ஆம் ஆண்டின் இன்றைய சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. எண் 1125இன்படி, தம் நம்பிக்கைக்கு ஊறு நேராமல் காத்துக்கொள்ளவும், பிள்ளைகள் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்று வளர்வதற்குத் தம்மால் இயன்ற அனைத்தையும் செய்யவும் கத்தோலிக்கர் உண்மையாக வாக்களிக்கிறார். இந்த வாக்குறுதியையும் கடமையையும் மற்றவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அவர் எதற்கும் வாக்களிக்கத் தேவையில்லை.

இந்த மாற்றம் சிறிதல்ல. வாக்குறுதி என்னுடையது என்றால் அதன் சுமையும் என்னுடையதே. அதை என் துணைவரிடம் கடன் வசூலிப்பதுபோல் கேட்க முடியாது. ‘இயன்ற அனைத்தையும்’ என்ற சொல்லிலும் பொருள் இருக்கிறது. துணைவரை ஏமாற்றியோ, மிரட்டியோ, மாமியார் வீட்டாரோடு சண்டை மூட்டியோ சாதிப்பது அதில் அடங்காது. திருமணத்தின் ஒற்றுமையைக் காப்பதும் அதே திருச்சபை கேட்கும் கடமைதான்.

பள்ளி பற்றியும் சட்டத் தொகுப்பு பேசுகிறது. கத்தோலிக்கக் கல்வி தரும் பள்ளிகளில் பெற்றோர் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். அது இயலாதபோது, பள்ளிக்கு வெளியே தகுந்த கத்தோலிக்கக் கல்வி கிடைக்க அவர்களே ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது எண் 798. ஆக, கான்வென்ட்டில் இடம் கிடைக்கவில்லை, அல்லது துணைவர் மனம் ஒப்பவில்லை என்பதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று மனமுடையத் தேவையில்லை. அதேபோல் கான்வென்ட்டில் சேர்த்துவிட்டேன், என் கடமை தீர்ந்தது என்று நிம்மதி அடையவும் வழியில்லை.

மூன்று வயதில் பிள்ளை எதைக் கற்கிறது?

மழலையர் கல்வியில் பெரும்புகழ் பெற்ற மரியா மாண்டிசோரி அம்மையார் கத்தோலிக்கர். 1939இல் அவர் இந்தியாவுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்திய இடம் எது தெரியுமா? சென்னை அடையாறில் உள்ள பிரம்மஞான சபையின் வளாகம். வேறு நம்பிக்கை கொண்டவர்களின் வளாகத்தில் ஒரு கத்தோலிக்க அம்மையார் நம் நாட்டு ஆசிரியர்களுக்குக் கற்பித்தார். இங்கே அவர் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து உருவான நூல் 1949இல் சென்னையிலேயே வெளியானது. பிறந்தது முதல் ஆறு வயதுவரை குழந்தை தன் சூழலை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது என்பது அதன் அடிப்படைக் கருத்து.

அந்த வயதில் பிள்ளை மூவொரு கடவுளைப் பற்றிய கோட்பாட்டைக் கற்பதில்லை; அத்வைதத்தையும் கற்பதில்லை. விளக்கு ஏற்றும்போது அம்மாவின் முகம் எப்படி இருக்கிறது, செபம் சொல்லும்போது அப்பா தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கிறாரா கூட்டுகிறாரா, பாட்டி வைத்துவிட்ட விபூதியை அம்மா எப்படித் துடைக்கிறார் என்பதைத்தான் கற்கிறது. பள்ளியில் கேட்டதை வீட்டில் சொல்லும்போது கிடைக்கும் வரவேற்பு அதன் மனத்தில் பதிந்துவிடுகிறது. ஒருவரின் நம்பிக்கை மற்றவருக்கு இளக்காரம் என்று பிள்ளை புரிந்துகொண்டால், வளர்ந்தபின் இரண்டையும் உதறிவிடவும் கூடும்.

திருச்சபையின் மாபெரும் மறைவல்லுநர் ஒருவர் இப்படிப்பட்ட வீட்டில்தான் வளர்ந்தார். கி.பி. 354இல் இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகாஸ்தே நகரில் புனித அகுஸ்தீனார் பிறந்தபோது, தாய் மோனிக்கா கிறிஸ்தவர். தந்தை பத்ரீசியு கிறிஸ்தவர் அல்லர். அகுஸ்தீனார் படித்த மதவுரா, கார்த்தேஜ் பள்ளிகளில் உரோமைக் கடவுளரின் கதைகளே பாடம். அந்தப் படிப்புக்குப் பணம் தேடி அலைந்தவர் தந்தை. வீட்டில் தந்தையைத் தவிர எல்லாரும் நம்பிக்கை கொண்டிருந்தார்கள் என்றும், மகனின் உள்ளத்தில் தாயின் பக்திக்கு இருந்த இடத்தைத் தந்தை தகர்க்கவில்லை என்றும் அகுஸ்தீனார் தம் ‘அறிக்கைகள்’ நூலில் நினைவுகூர்கிறார். தந்தை தம் வாழ்வின் இறுதியில் திருமுழுக்குப் பெற்றார். மகன் 387ஆம் ஆண்டு பாஸ்கா திருவிழிப்பில் மிலான் நகரில் திருமுழுக்குப் பெற்றார். மோனிக்காவிடம் கத்தோலிக்க மழலையர் பள்ளி எதுவும் இல்லை. கணவரை மதிக்கும் மனமும், மறைக்காமல் சொன்ன செபமும், நீண்ட பொறுமையும் இருந்தன.

விவிலியத்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புனித பவுலின் உடன் உழைப்பாளர் திமொத்தேயுவின் தந்தை கிரேக்கர். தாய் நம்பிக்கை கொண்ட யூதர் (திப 16:1). பாட்டி லோயி, தாய் யூனிக்கி ஆகியோரிடம் முதலில் குடிகொண்ட நம்பிக்கை அவரிடமும் இருப்பதாகப் பவுல் எழுதுகிறார் (2 திமொ 1:5). பள்ளியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

சான்றிதழுக்காகத் திருமுழுக்கா?

கத்தோலிக்கப் பள்ளிகளில் சேர்க்கையின்போது திருமுழுக்குச் சான்றிதழும் பங்குத்தந்தையின் கடிதமும் கேட்கப்படுவதை நாம் அறிவோம். நம் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தர அது ஒரு வழி. ஆனால் சமயம் கடந்து மணந்த வீட்டில் இது ஒரு சோதனையாகிறது. மூன்று ஆண்டுகளாக எடுக்காத முடிவு, விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முந்தைய வாரம் எடுக்கப்படுகிறது. ‘ஒரு சீட்டுக்காகத்தானே, செய்துவிடுவோம்’ என்று துணைவரும் தலையாட்டுகிறார்.

பெற்றோரில் ஒருவரேனும் சம்மதிக்க வேண்டும், பிள்ளை கத்தோலிக்க நம்பிக்கையில் வளரும் என்ற ஆதாரமுள்ள எதிர்நோக்கு இருக்க வேண்டும் என்று திருமுழுக்குக்கு நிபந்தனை வைக்கிறது எண் 868. பள்ளி இடம் அந்த எதிர்நோக்கு ஆகாது. அருளடையாளத்தை அனுமதிச் சீட்டாக மாற்றினால் திருமுழுக்குக்கும் மதிப்பில்லை, சம்மதித்த துணைவருக்கும் மதிப்பில்லை.

‘சமயம்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்திலேயே ‘சாதி’ என்ற கட்டமும் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களும், பின்னர் சேர்க்கப்பட்ட சீக்கியரும் பௌத்தரும் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுகிறார்கள். அந்த ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்கு இழைக்கும் அநீதியைத் திருச்சபை நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வருகிறது. ஆனால் அது நடப்பில் உள்ளவரை குடும்பங்கள் அதன் விளைவைச் சுமக்கின்றன. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தந்தை இந்து, தாய் கிறிஸ்தவர் என்ற நிலையில், குழந்தைப் பருவத்திலேயே திருமுழுக்குப் பெற்றவர் அவர். கிறிஸ்தவ நம்பிக்கையைக் கடைப்பிடித்துக்கொண்டே வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்க முடியாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது.

நான்கு வயதில் அவசரமாக நிரப்பும் கட்டம் இருபத்தைந்து வயதில் திரும்பி வந்து கேள்வி கேட்கக்கூடும். தமிழ்நாட்டில் சாதி, சமயக் கட்டங்களை நிரப்பாமல் விட விரும்பும் பெற்றோருக்கு அரசாணை இடமளிக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. எதை எழுதினாலும், எழுதாமல் விட்டாலும், அதன் பின்விளைவுகளை இருவரும் அறிந்து எழுதட்டும். ஒருவர் எழுதி மற்றவர் பிறகு தெரிந்துகொள்வதாக இருக்க வேண்டாம்.

நம் பள்ளிகளின் கடமை

பிறர் நமக்குச் செய்ய வேண்டும் என்று விரும்புவதை நாம் பிறருக்குச் செய்ய வேண்டும் என்பது ஆண்டவரின் கட்டளை (மத் 7:12). இது பள்ளிகளுக்கும் பொருந்தும். நம் நாட்டில் கத்தோலிக்கப் பள்ளிகளில் படிப்போரில் பெரும்பாலோர் பிற சமயத்தினர். வேறொரு பள்ளியில் நம் பிள்ளையை விருப்பமில்லாத வழிபாட்டில் நிற்க வைத்தால் நமக்கு எப்படி வலிக்குமோ, அப்படித்தான் அவர்களுக்கும் வலிக்கும்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினருக்குத் தருகிறது. அதே சட்டத்தின் 28(3)ஆம் பிரிவு, அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற எந்தப் பள்ளியிலும், பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல் சிறுவரைச் சமயப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்படுத்தக் கூடாது என்கிறது. முதலாவது பிரிவை உரக்கச் சொல்லும் நாம் இரண்டாவதையும் அதே குரலில் சொல்லப் பழக வேண்டும்.

2024 பிப்ரவரியில் அஸ்ஸாமில் ஓர் இந்து அமைப்பு, கிறிஸ்தவப் பள்ளிகளிலிருந்து சமயச் சின்னங்களை அகற்ற வேண்டும் என்று கெடு விதித்தது. இத்தகைய நெருக்கடிகளின் நடுவே, அதே ஆண்டு ஏப்ரலில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை தன் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. கிறிஸ்தவ மரபுகளைப் பிற சமய மாணவர்மீது திணிக்க வேண்டாம், காலைக் கூட்டத்தில் அரசியலமைப்பின் முகவுரையை வாசிக்கச் செய்யுங்கள், எல்லாச் சமயத்தினரும் அமர்ந்து செபிக்க ஓர் அறையை ஏற்படுத்துங்கள் என்பன அவற்றுள் சில. இதை அச்சத்தால் எடுத்த முடிவு என்று சிலர் கூறலாம். ஆனால் 1965ஆம் ஆண்டிலேயே சமயச் சுதந்திரம் பற்றிய சங்க அறிக்கை, பெற்றோரின் விருப்பத்துக்கு ஒவ்வாத சமயப் பாடத்தில் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்துவது உரிமை மீறல் என்று சொல்லிவிட்டது. அப்படியிருக்க, புதிதாக எதையும் நாம் விட்டுக்கொடுக்கவில்லை.

பிற சமயப் பெற்றோரின் பெண் குழந்தை பொட்டும் பூவும் வைத்து வந்தால் வாசலிலேயே முகம் சுளிக்காத பள்ளி, குடிலின் முன் நிற்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் கிறிஸ்து பிறப்பின் கதையை மகிழ்ச்சியோடு சொல்லும் பள்ளி, யாரையும் சிலுவை அடையாளம் வரையச் சொல்லி வற்புறுத்தாத பள்ளி. இப்படி இருந்தால் சமயம் கடந்த குடும்பத்தில் உள்ள மற்றத் துணைவரும் அச்சமின்றிச் சம்மதிப்பார்.

இருவரும் சேர்ந்து கேட்க வேண்டியவை

பள்ளியைப் பார்க்க இருவரும் சேர்ந்தே போங்கள். சில கேள்விகளை வெளிப்படையாகக் கேளுங்கள். காலையில் என்ன செபம் சொல்கிறீர்கள்? மறைக்கல்வியும் நன்னெறிக் கல்வியும் தனித்தனியா, எந்தப் பிள்ளை எதில் அமரும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? சரஸ்வதி பூசை, கிறிஸ்து பிறப்பு, ரம்சான் ஆகிய நாள்களில் என்ன நடக்கிறது? கலந்துகொள்ளாத குழந்தையை எங்கே, யாருடன் அமர வைப்பீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் பள்ளியின் குணம் தெரிந்துவிடும்.

அதற்கு முன் வீட்டில் ஒருவரையொருவர் கேட்க வேண்டியவையும் உண்டு. இந்தப் பள்ளியை நீங்கள் விரும்புவதற்கு உண்மையான காரணம் என்ன? பிள்ளை அங்கிருந்து எதைக் கொண்டுவந்தால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும்? ‘அப்பா ஏன் கோவிலுக்கு வருவதில்லை?’ என்று அது கேட்டால், ‘அப்பா தம் முறையில் கடவுளை வேண்டுகிறார், அம்மா இயேசுவிடம் வேண்டுகிறாள்’ என்பதுபோல் இருவரும் ஒப்புக்கொள்ளும் ஒரே பதிலைச் சொல்ல முடியுமா? அந்தப் பதிலைப் பள்ளியில் சேர்க்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்கத் தாய்க்கோ தந்தைக்கோ ஒரு சொல். உங்கள் நம்பிக்கையை ஒளிக்காதீர்கள். அதை ஆயுதமாகவும் ஏந்தாதீர்கள். கான்வென்ட் கிடைத்தால் துணைவரின் மனமார்ந்த சம்மதத்தோடு சேருங்கள். கிடைக்காவிட்டால் ஞாயிறு திருப்பலிக்குப் பிள்ளையின் கையைப் பிடித்து நீங்கள் அழைத்துச் செல்லுங்கள், விவிலியக் கதையை நீங்கள் சொல்லுங்கள், இரவுச் செபத்தைத் துணைவர் கேட்கும் குரலில் சொல்லுங்கள். வாக்குறுதி கொடுத்தவர் நீங்கள். அதை நிறைவேற்றும் மகிழ்ச்சியும் உங்களுடையதாக இருக்கட்டும்.

பங்குச் சமூகத்துக்கும் ஒரு வேண்டுகோள். சமயம் கடந்த திருமணங்கள் அன்றாட வாழ்வில் பல்சமய உரையாடலுக்குச் சிறந்த இடம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ ஏட்டில் கூறுகிறார். பிள்ளைகளின் சமய வளர்ப்பில் வரும் சிரமங்களையும் அவர் மறைக்கவில்லை (எண் 248). அந்தச் சிரமத்தில் நாம் உதவியாக இருக்கிறோமா, கூடுதல் பாரமாக இருக்கிறோமா? ‘இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கலையா, எந்த ஸ்கூல்ல போட்டிருக்கீங்க?’ என்று ஆலய வாசலில் விசாரணை நடத்துவதை நிறுத்துவோம். அன்பியக் கூட்டத்துக்கு அந்த வீட்டின் மற்றத் துணைவரையும் பெயர் சொல்லி அழைப்போம். மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பிள்ளையிடம் அதன் அப்பாவின் சாமியைப் பற்றி இளக்காரமாகப் பேசாதிருக்க நம் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்போம்.

குழந்தைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன ஆண்டவர் (மாற் 10:14), அவர்களைத் தூக்கி வந்தவர்களின் சமயத்தை விசாரித்ததாக நற்செய்தியில் இல்லை. இந்த ஆண்டு பள்ளி வாசலில் அழுதபடி நிற்கப்போகும் ஒவ்வொரு மழலையின் இரு கைகளையும் தாயும் தந்தையும் ஒரே மனத்தோடு பற்றியிருக்க மன்றாடுவோம். அந்த ஒருமனத்துக்கு நம் பங்குகளும் பள்ளிகளும் துணைநிற்கட்டும்.